இன்வெர்ட்டர் என்னும் மாறுமின்னாக்கி

நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால், கரண்ட் போனதும் மின்விசிறியைச் சுழலவைக்கும் பேட்டரிப் பெட்டி என்றே பொருள். உண்மையில் சேமிப்பது பேட்டரியின் வேலை; நேர்திசை மின்னோட்டத்தை (டி.சி.) மாறுதிசை மின்னோட்டமாக (ஏ.சி.) ஆக்கும் சுற்றுக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது.

இலத்தீனில் ‘இன்வெர்த்தெரே’ என்பது புரட்டுதலையும் கவிழ்த்தலையும் குறிக்கும். மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்கும் அலைதிருத்தி முன்பே வழக்கில் இருந்தது. அதன் வேலையைப் புரட்டிச் செய்யும் சுற்றைப் பற்றி ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் இதழில் 1925இல் எழுதிய டேவிட் பிரின்ஸ், கட்டுரைக்கு ‘இன்வெர்ட்டர்’ என்றே தலைப்பிட்டார். ஆக, இச்சொல் கருவியின் பயனைச் சொல்வதில்லை. அது எதற்கு எதிரானது என்பதை மட்டுமே சொல்கிறது.

அதனால்தான் ‘தலைகீழாக்கி’ என்ற நேர்பெயர்ப்பு தமிழில் வெறுமையாக ஒலிக்கிறது. ‘மின்மாற்றி’ டிரான்ஸ்ஃபார்மருக்கு உரியதாகிவிட்டது. ‘நேர்மாற்றி’யோ, நேர்திசையாக மாற்றுவது என்று எதிர்ப்பொருள் தரவும் இடமுண்டு. செய்யும் தொழிலையே பெயராக்கி ‘மாறுமின்னாக்கி’ என்பது பொருந்தும் என்பது என் கருத்து.

சூரியத் தகடுகளை மின்தொகுப்போடு, அதாவது ‘கிரிட்’டோடு, இணைப்பதற்கு ‘தொகுப்பிணை மாறுமின்னாக்கி’ எனலாம். இந்த ‘இணை’ வெறும் அடைமொழியன்று. வடிவமைப்பின் பெரும்பகுதி அதில்தான் அடங்கியிருக்கிறது. குறைகடத்தி நிலைமாற்றிகள் (ஸ்விட்சுகள்) நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, துடிப்புகளின் அகலத்தைக் கூட்டிக் குறைக்க, அவற்றை மின்தூண்டிச் சுருள் சீரான அலையாக வழித்தெடுக்கிறது. 230 வோல்ட் இணைப்பில் அலையின் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட் என்பதால், இந்த நிலைமாற்றிகளைப் பாலம்போல் இணைத்த வழக்கமான சுற்றில் உள்ளே இருக்கும் நேர்திசை மின்னழுத்தம் அதற்கும் மேலே நின்றாக வேண்டும். உருவாகும் அலை, தொகுப்பின் 50 ஹெர்ட்சோடு மட்டுமின்றிக் கட்டத்திலும், அதாவது ஏறி இறங்கும் நேரத்திலும், ஒத்துப்போக வேண்டும். அதற்காகத் தொகுப்பின் அலையைக் கருவி இடைவிடாமல் கவனித்துப் பின்தொடர்கிறது. வெயில் மாற மாற, தகட்டிலிருந்து மிகுதியான திறன் கிடைக்கும் மின்னழுத்தத்தையும் அதுவே தேடிப் பிடிக்கிறது.

தொகுப்பில் மின்சாரம் நின்றால் இக்கருவியும் நின்றுவிட வேண்டும். இல்லையெனில், மின்சாரம் இல்லையென்று எண்ணிக் கம்பியைத் தொடும் மின்பணியாளரின் உயிருக்கு ஆபத்து. எனவே உச்சிவெயிலில் கரண்ட் போனால் மொட்டைமாடியில் தகடுகள் காய்ந்துகொண்டிருக்க, கீழே மின்விசிறி அசையாது. வாங்கியவர் ‘இன்வெர்ட்டர் இருந்துமா?’ என்று கேட்பது, பேட்டரிப் பெட்டிக்கு நாம் கொடுத்துவிட்ட பெயரால் வந்த குழப்பம். அந்த நேரத்திலும் வெளிச்சம் வேண்டுவோர், பேட்டரியும் சேர்ந்த ‘ஹைபிரிட்’ வகையைத்தான், அதாவது கலப்பு மாறுமின்னாக்கியைத்தான், கேட்டு வாங்க வேண்டும்.