ஸ்கிளீரோடெர்மா நுரையீரல்: ஹெச்.ஆர்.சி.டி. எதைக் காட்டுகிறது, எங்கே ஏமாற்றுகிறது

ஸ்கிளீரோடெர்மா என்றதும் இறுகிய தோலும் குளிரில் வெளுக்கும் விரல்களுமே நினைவுக்கு வரும். சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ் என்று முழுப்பெயர் கொண்ட இந்தத் தன்னெதிர்ப்பு நோயில் உயிருக்கு ஆபத்து அதிகம் வருவது நுரையீரல் வழியாகத்தான். காற்றறைகளின் சுவரில் தழும்பு படியும், அல்லது நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறும். படிந்த தழும்பை எந்த மருந்தும் கரைக்காது. மேற்கொண்டு படியாமல் தடுக்கப் பார்க்கலாம், அவ்வளவே. அதனால் நோய் உறுதியானதுமே, மூச்சிரைப்பு இல்லாவிட்டாலும், நுரையீரலை மெல்லிய துண்டுகளாகப் படமெடுக்கும் ஹெச்.ஆர்.சி.டி. என்ற சி.டி. ஸ்கேனை எடுத்துவிட வேண்டும்.

எக்ஸ்ரே இதற்குப் போதாது. ஆரம்பத் தழும்பு அதில் தெரியாமலே போகும். குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் தனியாக நம்பத்தக்கதல்ல. முழு மூச்சை இழுத்து வேகமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவுதான் எஃப்.வி.சி. அதே வயது, உயரம் உள்ளவருக்கு எதிர்பார்க்கும் அளவில் 80 முதல் 120 சதவீதம் வரை இயல்பு என்பதால், 115-இல் இருந்தவர் 85-க்கு இறங்கினாலும் அறிக்கையில் ‘நார்மல்’ என்றே வரும்.

சி.டி. அளப்பது அடர்த்தியை. ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் காற்று -1000, தண்ணீர் 0, நன்றாக விரிந்த நுரையீரல் ஏறக்குறைய -850. காற்று இருக்க வேண்டிய இடத்தில் வீக்கமோ தழும்போ வந்தால் எண் ஏறும், படத்தில் அந்த இடம் வெளுக்கும். துண்டின் தடிமன் 1 முதல் 1.5 மி.மீ. இருக்க வேண்டும். 5 மி.மீ. துண்டில் நுண்ணிய கோடுகள் பக்கத்துத் திசுவோடு கலந்து மங்கிவிடும். இதற்குச் சாய ஊசி தேவையில்லை.

படம் கெடுவது பெரும்பாலும் மூச்சில். நோயாளி முழு மூச்சை இழுத்துப் பிடிக்காவிட்டால் நுரையீரல் முழுவதும் சாம்பல் நிறமாகி, இல்லாத நோய் இருப்பதுபோல் தெரியும். மேசையில் ஏற்றும் முன் இரண்டு மூன்று முறை மூச்சுப் பிடிக்கப் பழக்குவது டெக்னீஷியனின் வேலை. அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அதுதான். அடுத்த சிக்கல் புவியீர்ப்பு. மல்லாந்து படுத்தால் நுரையீரலின் கீழ்ப்பின்பகுதி தன் எடையிலேயே சற்று அமுங்கி வெளுக்கும். இந்த நோய் தொடங்குவதும் சரியாக அதே இடத்தில்! சந்தேகம் வந்தால் குப்புறப் படுக்கவைத்து அந்தப் பகுதியில் மட்டும் சில துண்டுகள் எடுப்பார்கள். வெளுப்பு மறைந்தால் அது வெறும் அமுக்கம். அப்படியே நின்றால் நோய்.

இந்த நோயில் அதிகம் காணப்படும் வடிவம் என்.எஸ்.ஐ.பி. எனப்படுவது. இரு பக்கமும் கீழ்ப்பகுதிகளில் தேய்த்த கண்ணாடி போன்ற மங்கல், அதற்குள் மெல்லிய வலைக்கோடுகள், பல நேரம் நுரையீரல் உறையை ஒட்டி நோய் படாமல் தப்பிய ஒரு விளிம்பு. தேன்கூடு போன்ற துளைகள் நிறைந்த யு.ஐ.பி. வடிவம் குறைவு. மங்கல் என்றாலே வீக்கம், மருந்தில் மறைந்துவிடும் என்று நினைப்பது தவறு. சி.டி.யால் பிரித்துக் காட்ட முடியாத அளவு நுண்ணிய தழும்பும் மங்கலாகத்தான் தெரியும். உள்ளே ஓடும் மூச்சுக்கிளைகளைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: அவை கோணலாக இழுபட்டு அகன்றிருந்தால் அது தழும்பு.

நோய் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பதே சிகிச்சையை நகர்த்துகிறது. லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனைக் குழு 2008-இல் தந்த முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. மகாதமனியின் பெரிய கிளைகள் தோன்றும் இடம் முதல் வலது உதரவிதானத்துக்குச் சற்று மேல் வரை ஐந்து மட்டங்களில், நோய் பிடித்த பரப்பைக் கண்ணால் மதிப்பிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். 20 சதவீதத்துக்குத் தெளிவாகக் கீழே என்றால் குறைந்த நோய், தெளிவாக மேலே என்றால் பரந்த நோய். இரண்டுமில்லாமல் இழுபறியானால் எஃப்.வி.சி. தீர்ப்புச் சொல்லும்: 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பரந்த நோய்க் கணக்கு. பரந்த நோய் உள்ளவர்களுக்கு இறப்பு அபாயம் பல மடங்கு அதிகம். இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் இரண்டு சதவீதம் சொல்வார்கள் என்பது உண்மைதான். எல்லைக்கோட்டில் மட்டும் ஊதும் பரிசோதனையைச் சேர்த்துக்கொண்டதில்தான் இந்த முறையின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. தழும்பு படிவதை மெதுவாக்கும் நின்டெடனிப் என்ற மருந்தின், 2019-இல் முடிவு வெளியான ஆய்விலும், நுரையீரலில் குறைந்தது 10 சதவீதம் தழும்பு ஹெச்.ஆர்.சி.டி.யில் தெரிந்தவர்களையே சேர்த்தார்கள்.

அதே படத்தில் உணவுக்குழாயையும் பார்க்க வேண்டும். அது தளர்ந்து அகன்று, உள்ளே காற்றும் திரவமும் நின்றால், இரவில் அமிலம் மேலேறி நுரையீரலுக்குள் இறங்க வாய்ப்புண்டு. அப்படி வரும் திட்டுகளை நோயின் முன்னேற்றம் என்று எண்ணி மருந்தைக் கூட்டிவிடக் கூடாது. நுரையீரல் தமனியின் தண்டு பக்கத்திலுள்ள மகாதமனியைவிட அகலமாக இருந்தால் எக்கோ பரிசோதனை அவசியம். அகலம் சரியாக இருப்பதால் மட்டும் அழுத்தம் இல்லை என்றாகிவிடாது.

அடுத்த முறை ஒப்பிட அச்சிட்ட ஃபிலிம் உதவாது. அதில் எல்லாத் துண்டுகளும் இருக்காது, வெளிச்ச அளவையும் மாற்ற முடியாது. ஸ்கேன் மையத்தில் எல்லாப் படங்களையும் குறுந்தகட்டில் பதிந்து தரச்சொல்லி, பழைய அறிக்கைகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.