தகர நிழலும் மர நிழலும்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சிறிய நகரம், சிறிய பூங்கா. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெஞ்சுகள். ஒன்றின் மேல் மரம், இன்னொன்றின் மேல் தகரக் கூரை. இரண்டிலும் வெயில் விழவில்லை. ஆனாலும் மத்தியானத்தில் மரத்தடி பெஞ்சில் இடம் கிடைப்பதில்லை, தகரத்தடி பெஞ்சு காலியாகவே கிடக்கிறது. "நிழல் என்றால் நிழல்தானே, அதில் என்ன இரண்டு விதம்? மரம் ஆக்ஸிஜன் விடுவதால்தான் குளிர்ச்சி என்கிறார்களே, உண்மையா?"

ஆக்ஸிஜன் கதையை முதலில் முடித்துவிடலாம். காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்ஸிஜன். மரத்தடியிலும் அவ்வளவுதான், தகரத்தடியிலும் அவ்வளவுதான். இலைகள் விடுவது அந்தக் கணமே காற்றோடு கலந்து போய்விடுகிறது. அப்படியே அது மரத்தடியில் தங்கினாலும் ஆக்ஸிஜனுக்குக் குளிரவைக்கும் குணம் எதுவும் கிடையாது. பூப்படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியை எனக்கு அனுப்பாத உறவினர் இல்லை. மறுத்து எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

கொஞ்சம் படித்தவர்கள் வேறு பதில் சொல்வார்கள்: நீராவிப்போக்கு. வேர் உறிஞ்சும் நீர் இலைத்துளைகள் வழியாக ஆவியாகிறது, ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, காற்று குளிர்கிறது. பள்ளிக்கூடப் பாடம்தான், பாடம் சரிதான். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். நன்றாகத் தண்ணீர் கிடைக்கும் பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டர் வெளியேற்றினால், அது அறைக்கு மாட்டும் ஒன்றரை டன் ஏசி சுமார் பன்னிரண்டு மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். ஏசி வேலை செய்வது மூடிய அறையில். பூங்காவுக்குச் சுவர் இல்லை, கதவு இல்லை. மரம் குளிரவைத்த காற்றை அடுத்த வீச்சிலேயே காற்று தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. வெப்பமானியை எடுத்துக்கொண்டு இரண்டு பெஞ்சிலும் மாறி மாறி உட்கார்ந்து பாருங்கள். காற்றின் வெப்பநிலையில் பெரும்பாலும் ஒரு டிகிரி வித்தியாசம்கூடத் தேறாது. ஒற்றை மரத்தை விடுங்கள், முழுப் பூங்காவுக்கே கதை இதுதான். பல நகரங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, பகலில் பூங்காவின் காற்று சுற்றுப்புறத்தைவிடச் சராசரியாக 0.94 டிகிரிதான் குளிர்ந்திருக்கிறது என்றது. ஒரு டிகிரிக்காகவா மனிதர்கள் பெஞ்சுக்கு அடித்துக்கொள்கிறார்கள்?

இல்லை. தோல் அளப்பது காற்றை மட்டும் அல்ல. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1800-இல் வில்லியம் ஹெர்ஷெல் என்ற வானியலாளர் பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, எந்த நிறமும் தெரியாத இருட்டில் வைத்த வெப்பமானியில் வெப்பம் இன்னும் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் இப்படித்தான் அகப்பட்டது. பிற்பாடு தெரிந்தது இது: சூரியன் மட்டும் அல்ல, உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப இந்தக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. சுவர் வீசுகிறது, பெஞ்சு வீசுகிறது, இதைப் படிக்கும் நீங்களும் வீசுகிறீர்கள். 34 டிகிரியில் இருக்கும் தோல், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 490 வாட் வீதம் கதிராக இழக்கிறது. நம் கண் அகச்சிவப்பைப் பார்க்குமானால், கூட்டத்தில் ஒவ்வொருவரும் விளக்குப் போலத் தெரிவோம்.

அவ்வளவு இழந்தும் நாம் ஏன் விறைத்துப் போவதில்லை? சுற்றியிருப்பவை திருப்பித் தருகின்றன. நீங்கள் சுவருக்குக் கொடுக்கிறீர்கள், சுவர் உங்களுக்குக் கொடுக்கிறது. தரை, கூரை, எதிரே நிற்கும் ஆள் என எல்லோரோடும் ஒரே நேரத்தில் ஒரு கொடுக்கல் வாங்கல். வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்வரை உடம்புக்கு எதுவும் தெரியாது. சுற்றியிருப்பதில் ஒன்று மட்டும் அதிகம் கொடுக்க ஆரம்பித்தால், காற்று எத்தனை டிகிரியில் இருந்தாலும் "புழுக்கம்" என்று உடம்பு சொல்லிவிடும்.

தகரம் அதைத்தான் செய்கிறது. உச்சி வெயிலில் அது 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மரத்தின் கீழ்ப்புற இலைகளோ காற்றின் சூட்டை ஒட்டியே இருக்கும், 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 35-க்கும் 60-க்கும் நடுவே பெரிய தூரம் போலத் தெரிகிறது. ஆனால் கதிர்வீச்சுக் கணக்குக்கு வேண்டியது, இதற்குமேல் குளிரவே முடியாது என்ற புள்ளியிலிருந்து எண்ணும் கெல்வின் அளவு. அதில் இது 308-லிருந்து 333 வரைதான், அதாவது எட்டு சதவீத ஏற்றம். ஆனால் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் படியில் ஏறும். இயற்பியலாளர் ஸ்டெஃபான் 1879-இல் அளவீடுகளிலிருந்து ஊகித்ததும், சில ஆண்டுகளில் போல்ட்ஸ்மான் கோட்பாட்டால் நிறுவியதும் இந்த விதியைத்தான். எட்டு சதவீதத்தை நான்கு முறை அடுக்கினால் 37 சதவீதம் ஆகிறது. 35 டிகிரி இலைக்கூரை சதுர மீட்டருக்குச் சுமார் 510 வாட் வீசும். 60 டிகிரித் தகரம், அழுக்கேறியதோ பெயின்ட் அடித்ததோவானால், 700-ஐ நெருங்கும். உங்கள் உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு அந்தக் கூரை தெரிகிறது என்று தோராயமாகக் கணக்குப் போட்டால், தகரத்தடியில் கூடுதலாக வருவது 80, 90 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பே மொத்தமாக 100 வாட் அளவுதான் வெப்பம் உண்டாக்குகிறது. அதாவது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால், ஏறக்குறைய இன்னொரு ஆளின் சூட்டையும் சேர்த்து நீங்களே வியர்த்துத் தள்ள வேண்டும்.

"எங்கள் தகரம் புதுசு, பளபளவென்று இருக்கிறது" என்று ஒருவர் கேட்கலாம். பளபளப்பான உலோகம் அகச்சிவப்பை மிகக் குறைவாகத்தான் வீசும், உண்மை. ஆனால் அது கண்ணாடி மாதிரி வேலை செய்யும். கீழே கிடக்கும் சூடான தரையின் கதிரை உங்கள் தலையில் திருப்பி அடிக்கும். (கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியைப் புதுத் தகரத்தை நோக்கி நீட்டினால் நம்ப முடியாத அளவு குறைவாகக் காட்டுவதும் இதனால்தான். அது காட்டும் எண் பெரும்பாலும் தகரத்தில் பிரதிபலிப்பதன் சூடு.) கொஞ்ச நாளில் தூசியும் துருவும் ஏறியதும் அந்தப் பளபளப்பும் போய்விடும்.

சரி, அதே வெயில்தானே இலை மேலும் விழுகிறது? இலை மட்டும் ஏன் 60 டிகிரிக்குப் போவதில்லை? இங்கேதான் நீராவிப்போக்குக்கு உண்மையான வேலை. அது குளிரவைப்பது காற்றை அல்ல, இலையைத்தான். ஆனால் இலையைக் காப்பது அது மட்டும் அல்ல. சூரியன் அனுப்பும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பாக வருகிறது. தகரத்தின் மேல் இருக்கும் அழுக்கு அதையும் சேர்த்தே விழுங்கும். இலை விழுங்காது. ஒளிச்சேர்க்கைக்கு அந்தக் கதிர் உதவாது, எடுத்துக்கொண்டால் சூடுதான் மிச்சம். அதனால் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், அல்லது தன் வழியே கடந்து போக விட்டுவிடும். 1910-இல் ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் அகச்சிவப்பை மட்டும் பதியும் படங்களை எடுத்து வெளியிட்டார். அவற்றில் வானம் கறுப்பு, மரங்களெல்லாம் பனி கொட்டியது போல வெள்ளை வெளேர். பச்சை என்று நாம் பார்க்கும் இலை, பாதிச் சூரியனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது! அந்தப் படங்களை முதன்முதலில் பார்த்த அன்று நான் வாசலில் நின்ற மரத்தைப் போய்த் தொட்டுப் பார்த்தேன்.

இலை சின்னதாக, மெல்லியதாக, ஆடிக்கொண்டே இருப்பதும் ஒரு வசதி. அகன்ற தகரத்தின் மேல் சூடான காற்று போர்வை போலப் படிந்து கிடக்கும். இலையைச் சுற்றி அந்தப் போர்வை தங்காது, லேசான காற்றே உதறிவிடும். அதனால்தான் தண்ணீரில்லாமல் இலைத்துளைகளை மூடிக்கொண்ட மரம்கூடத் தகரத்தைவிட நல்ல நிழல் தருகிறது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. அண்ணாந்து பார்க்கும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது எந்த இலை? மரத்தின் அடி வரிசை இலை. அதன் மேலே இன்னும் பல அடுக்குகள். அடர்ந்த மரத்தின் இலைகளையெல்லாம் பறித்துப் பரப்பினால், அது நிற்கும் நிலத்தைப் போல நான்கைந்து மடங்கு பரப்பு வரும். வெயிலை வாங்குவது மேலடுக்கு. அடியில் இருக்கும் இலை, மற்ற இலைகளின் நிழலில் இருக்கிறது. ஆக, உங்கள் உடம்போடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளும் கூரை, தானே நிழலில் உட்கார்ந்திருக்கும் கூரை. தகரத்துக்கு அடுக்கு கிடையாது. வெயில் வாங்கும் முகத்துக்கும் உங்களைப் பார்க்கும் முகத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தகரத்தை மாற்ற முடியாத இடத்தில், அதன் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு ஓலைத்தட்டியோ பலகையோ அடித்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதும் இதிலிருந்து தெரியும்.

இந்த வித்தியாசத்தை அளக்கும் கருவி பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 1930-களில் வெர்னன் என்பவர், கறுப்பு வண்ணம் பூசிய செப்புக் கோளத்துக்குள் வெப்பமானியைச் செருகினார். சுற்றிலும் இருந்து வரும் கதிரையெல்லாம் அந்தக் கோளம் வாங்கிக்கொள்ளும். இன்று ஆய்வாளர்கள் சாம்பல் நிறம் அடித்த டேபிள் டென்னிஸ் பந்தை வைத்தே இந்த வேலையை முடிக்கிறார்கள். நானும் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். வெறும் வெப்பமானி இரண்டு பெஞ்சிலும் ஒரே எண்ணைத்தான் காட்டியது. பந்துக்குள் இருந்தது தகரத்தடியில் மூன்று நான்கு டிகிரி ஏறிவிட்டது.

நம் கைபேசி காட்டும் வெப்பநிலையோ இதற்கு நேர் எதிரான கருவியிலிருந்து வருகிறது. கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த, சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டியின் வழிவந்தவைதான் இன்றும் வானிலை நிலையங்களில் உள்ளன. அந்தப் பெட்டியின் நோக்கமே கதிர்வீச்சை ஒளித்துவிட்டுக் காற்றை மட்டும் அளப்பது. வானிலை கணிக்க அது வேண்டும். பெஞ்சு போட அது போதாது. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், பூங்கா திறப்பு விழாவில் செயற்கை நீரூற்றுக்கும் வண்ண விளக்குக்கும் செலவாகும் பணத்தில் ஒரு துளியை எடுத்து நான்கு கறுப்புப் பந்துகளைத் தொங்கவிட்டு ஒரு கோடை முழுக்கக் குறித்து வைக்கலாம். பெருநகரங்களின் சூட்டைச் செயற்கைக்கோளிலிருந்து படம் பிடிக்க நிதி கிடைக்கிறது. சிறிய நகரத்தின் பெஞ்சில் உட்கார்ந்து அளக்க யாரும் பணம் தருவதில்லை, அதில் கௌரவம் இல்லை என்று நினைக்கிறார்கள்.

அளந்தால் முதலில் மாட்டுவது கூரை அல்ல, தரைதான். நம் உடம்பு பார்க்கும் உலகத்தில் பாதி கீழே இருக்கிறது. பராமரிப்பு குறையும் என்று புல்லை எடுத்துவிட்டு டைல்ஸ் போடுகிறார்கள். வெயிலில் கிடக்கும் தளம் தகரத்தைப் போலவே கதிர் வீசும். அதைவிட மோசம் பச்சைக் கம்பளம் மாதிரி விரிக்கும் பிளாஸ்டிக் புல். கண்ணுக்குத்தான் குளிர்ச்சி. ஆவியாக நீர் இல்லை, அதனால் கோடை வெயிலில் 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அதைக் கொண்டுபோய்ச் சறுக்குமரத்தின் அடியில் விரிக்கிறார்கள், தரைக்கு மிக அருகில் மூக்கை வைத்துக்கொண்டு விளையாடுகிற வயதுக்காரர்களுக்கு.

அப்புறம், மரம் எல்லா நேரமும் ஜெயிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சூரியன் மறைந்ததும் கணக்கு தலைகீழாகிறது. தெளிந்த இரவு வானம் கதிர் விஷயத்தில் பெரிய கஞ்சன். காற்றைவிடப் பத்து, இருபது டிகிரி குளிர்ந்த கூரை போல நடந்துகொள்ளும். நீங்கள் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு குறைவாகவே திருப்பித் தரும். திறந்த புல்வெளியில் நின்றால் உடம்பு நேராக அதோடு கணக்கு வைத்துக்கொள்கிறது. புல்லும் அப்படித்தான் காற்றைவிடக் குளிர்ந்து, விடிவதற்குள் பனித்துளி கட்டுகிறது. மரத்தடியில் நின்றாலோ இலைகள் நடுவே புகுந்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். மத்தியானம் மரத்தடி, ராத்திரி புல்வெளி. பூங்காவை மாலை ஏழு மணிக்கே பூட்டுபவர்களுக்கு இந்த இரண்டாம் பாதி தெரியாது.

கருவி எதுவும் இல்லாமல் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நாள் முழுக்கக் காய்ந்த ஒரு நாளில், இருட்டிய பிறகு, மாலை வெயில் வாங்கிய மதில் ஒன்றின் ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக நடந்து பாருங்கள். மதில் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த இடத்தில் முடிகிறது என்று கையால் தொடாமலே ஒரு கன்னம் சொல்லிவிடும்.