உடைத்தது, உடைந்தது: நாசூக்கு வேலை செய்யும் விதம்

‘நாசூக்கு’ பாரசீகச் சொல்லான ‘நாஸுக்’கிலிருந்து வந்தது. மென்மையானது, தொட்டால் கசங்குவது என்று அங்கே பொருள். மராத்தியில் ‘நாஜூக்’. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால் இறுதியில் உகரம் ஒட்டியது. ககர ஒலி மெலியாமலிருக்க ‘க்’ இரட்டித்தது. கேக் ‘கேக்கு’ ஆவதும் இப்படித்தான்.

பேச்சில் அதிகம் புழங்குவது ‘நாசூக்காக’: நாசூக்காக மறுத்தார், நாசூக்காகக் கழன்றுகொண்டார். ‘இங்கிதம்’ இதற்கு நெருங்கிய சொல், ஆனால் ஒன்றல்ல. சாப்பாட்டு நேரத்தில் பிறர் வீட்டில் போய் உட்காராதது இங்கிதம். உட்கார்ந்துவிட்டவரை மனம் கோணாமல் அனுப்பிவைப்பது நாசூக்கு.

இங்கே கசங்கக்கூடிய பொருள் எதிராளியின் முகம். அனிச்சம் மோந்தால் வாடும், விருந்தினரோ முகம் திரிந்து பார்த்தாலே வாடிவிடுவார் என்கிறது குறள் (90). நாசூக்குக்கு எதிர்ப்பதம் கேட்டால் ‘முகத்தில் அடித்தாற்போல்’ என்றுதான் சொல்வோம்.

முகத்தைக் காக்கும் கருவி இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘உப்பை அள்ளிப் போட்டுட்டீங்க’ என்ற வாக்கியத்தில் குற்றவாளி உண்டு. ‘உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு’ என்பதில் உப்பு மட்டுமே உண்டு. இன்னும் நுட்பமானது தன்வினை, பிறவினைச் சோடி. ‘டம்ளரை உடைத்தாய்’, ‘டம்ளர் உடைந்தது’: ‘த்’ இருந்த இடத்தில் ‘ந்’ வந்ததும் உடைத்தவர் மறைந்துவிடுகிறார். கிழித்த, கிழிந்த என்பதும் அப்படியே. தமிழின் அருமையான வசதி இது.

எவ்வளவு நாசூக்கு வேண்டும்? மொழியியலாளர்களான பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978-இல் வெளியிட்ட பணிவுக் கோட்பாடு இதற்கு மூன்று அளவுகளைத் தருகிறது: இருவருக்கும் உள்ள இடைவெளி, அதிகார வேறுபாடு, கேட்கும் விஷயத்தின் பாரம். அவர்கள் ஆராய்ந்த மொழிகளில் கோவை மாவட்டத் தமிழும் ஒன்று. இந்த மூன்று அளவுகளும் கூடக் கூடப் பேச்சு சுற்றி வளையும். நண்பனிடம் ‘பேனா குடுடா’ போதும். அவனிடமே 50,000 ரூபாய் கைமாற்று கேட்கும்போது ‘ஒரு விஷயம்… எப்படிச் சொல்றதுன்னு தெரியல’ என்று தொடங்குவோம். பேனாவுக்கே ‘தயவுசெய்து’ போட்டால், என்ன கோபம் என்று கேட்பான்.

நாசூக்கு அதிகம் கெடுவது மறுப்பில்தான். ‘பார்க்கலாம்’ என்று மழுப்பினால் கேட்டவர் நம்பிக் காத்திருப்பார். வேறிடத்தில் கேட்கும் வாய்ப்பும் போய்விடும். அது நாசூக்கே அல்ல. ‘இந்த மாசம் முடியாதுங்க, சீட்டுப் பணம் கட்டணும்’ என்பதில் ‘முடியாது’ முழுசாக நிற்கிறது. மென்மை ‘ங்க’விலும் காரணத்திலும் இருக்கிறது.

ஆபத்தில் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். கேஸ் கசியும் வாடை வந்தால், எதிரில் நிற்பவர் மாமனாரே ஆனாலும், ‘ஸ்விட்சைத் தொடாதீங்க!’ என்று கத்த வேண்டியதுதான்.