பெயர்ப் பட்டியல் பதிவாகாது

ஆய்வு மாணவர்களின் கணக்கீட்டு நிரல்கள் ஓட மறுக்கும்போது அவற்றைச் சரிசெய்து தருவது என் பணி. 2022 இறுதியில் முடித்த பகுப்பாய்வை, ஆய்வேட்டில் திருத்தம் கேட்கப்பட்டதால் மீண்டும் ஓட்ட வேண்டிய நிலையில் ஒருவர் சென்ற வாரம் வந்தார். பழைய மடிக்கணினி பழுதாகிவிட்டது. புதியதில் நிரல் பாதியில் நின்றது. “எல்லாத் தொகுப்புகளையும் எழுதி வைத்திருக்கிறேன் ஐயா” என்று அவர் காட்டிய ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில், அதாவது பைத்தான் நிரலுக்குத் தேவையான ஆயத்த நிரல் தொகுப்புகளின் பட்டியலில், 11 பெயர்கள் இருந்தன. ஒன்றின் அருகிலும் பதிப்பு எண் இல்லை. இவ்வாண்டில் இதே கோலத்தில் நான் பார்த்த நான்காவது கோப்பு அது.

பெயரை எழுதுவது பதிவு அன்று. பதிப்பு எண் இல்லாத பெயரை வாசிக்கும் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி), அன்று நீங்கள் பயன்படுத்தியதைத் தேடாது. இன்று கிடைப்பதில் புதியதை நிறுவிவிடும். அவருடைய நிரல் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பின் 1.5 பதிப்பு இருந்த காலத்தில் எழுதப்பட்டது; அட்டவணையில் வரிகளைச் சேர்க்க அவர் பல இடங்களில் அழைத்திருந்த அப்பெண்ட் என்னும் கட்டளை, 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. நிரல் நின்றதால் அவருக்குக் குறை தெரிந்தது. நிற்காமல் ஓடும் நிரல்களே எனக்குக் கவலை தருகின்றன: எழுத்துத் தரவைத் தானாகவே ஃபாக்டராக (வகைப்பிரிவுத் தரவாக) மாற்றும் பழைய வழக்கத்தை, புள்ளியியலுக்கான ஆர் மொழி 2020-இல் தன் 4.0.0 பதிப்பில் கைவிட்டபோது, அவ்வழக்கத்தை நம்பிய நிரல்கள் பிழைச்செய்தி ஏதுமின்றி வேறு விடை தரும் வாய்ப்பு உண்டாயிற்று. “புதிய பதிப்பு நல்லதுதானே?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். மேலானதாகவே இருக்கட்டும்; உங்கள் ஆய்வேட்டில் அச்சான எண்ணைத் தந்தது அதுவன்று.

ஒவ்வொரு ஆய்வுக்கும் தனி மெய்நிகர் சூழலை, அதாவது அந்த ஆய்வின் தொகுப்புகள் மட்டும் இருக்கும் இடத்தை, உருவாக்குங்கள். விடை கிடைத்த அன்றே, அந்தச் சூழலுக்குள் இருந்தபடி, நிறுவிய தொகுப்புகளைப் பதிப்பு எண்ணோடு காட்டும் பிப் ஃப்ரீஸ் கட்டளை தரும் பட்டியலைக் கோப்பாக்கி, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் நிரலோடு சேர்த்து வையுங்கள். பைத்தானின் பதிப்பை அக்கட்டளை எழுதாது. அதையும் இயங்குதளத்தையும் நீங்களே குறியுங்கள், ஏனெனில் நம்பை என்னும் எண்கணக்குத் தொகுப்பை 1.23 என்று சரியாகக் குறித்திருந்தும் பைத்தான் 3.12-இல் அதை நிறுவ முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்பு அக்கோப்பை மட்டும் கொண்டு வேறொரு கணினியில் ஒருமுறை நிறுவிப் பாருங்கள். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

பழுதான கணினியை அவசரப்பட்டு விற்றுவிடவும் வேண்டாம். வன்தட்டைப் படிக்க முடிந்தால், தொகுப்புகள் நிறுவப்படும் சைட்-பேக்கேஜஸ் கோப்புறைக்குள் ஒவ்வொரு தொகுப்பின் பெயரையும் பதிப்பு எண்ணையும் தாங்கிய உட்கோப்புறைகள் இருக்கும். அந்த மாணவரின் சூழலை அவற்றைப் படித்தே மீட்டோம். அவர் எழுதிவைத்த 11 பெயர்களுக்குப் பின்னால், அவை சார்ந்திருந்தவற்றையும் சேர்த்து, 58 தொகுப்புகள் இருந்தன.