ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் மட்டும்தானா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அதே கூத்துதான். "பிள்ளைக்கு ஓ.டி. கிடைச்சிருக்கு" என்று லட்டு கொடுக்கிறார்கள். எந்த ஓ.டி., ஆபரேஷன் தியேட்டரா, ஆக்குபேஷனல் தெரபியா என்று கேட்டால் முழிக்கிறார்கள். பீஸ் கட்டி ஆறு மாதம் போனபின், "மயக்க மருந்து பாடமே இல்லையே" என்று வந்து நின்றால் யார் என்ன செய்ய முடியும்?

ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி பி.எஸ்சி. பட்டம். தியேட்டரையும் கருவிகளையும் தயார் செய்யும் வேலை அது. நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. அதற்குப் பட்டத்தின் பெயர் பி.ஓ.டி. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. "ஆக்குபேஷன்" என்றிருப்பதால் வேலை வாங்கித் தரும் படிப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. பல் தேய்ப்பது, சோறு பிசைந்து உண்பது, குழந்தை விளையாடுவது எல்லாமே இங்கே ஆக்குபேஷன்தான். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடப் பழக்கும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். விரல் நரம்பு அறுபட்ட ரப்பர் பால்வெட்டுக்காரர் மறுபடி கத்தி பிடிக்க வேண்டுமானால், குனிவது, இழுப்பது, பால் வாளி தூக்குவது என்று அவர் வேலையையே துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். குளச்சலில் வலை பின்னுகிறவருக்குக் கணக்கே வேறு.

கைவேலைப் படிப்பு, சுலபம் என்று சேர்பவர்கள் முதல் வருட அனாட்டமியிலேயே (உடற்கூறு பாடம்) திணறுகிறார்கள். கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான பிளாஸ்டிக் தகட்டைச் சுமார் 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் இளக்க வேண்டும். சூடு கூடினால் இழுபட்டு மெலிந்துபோகும். முன்கையில் மூன்றில் இரண்டு பங்கு நீளம் வராவிட்டால் மணிக்கட்டைத் தாங்காது. அரைமணி நேரம் போட்டுக் கழற்றியதும், சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு எலும்பு முண்டில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கணும். பார்க்காமல் அனுப்பினால் புண்தான்.

நேற்று முளைத்த படிப்பும் இல்லை. 1952-ல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தக் கூட்டமைப்பு கேட்பது குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி.

ஆகவே, பிராஸ்பெக்டஸில் பட்டத்தின் முழுப்பெயரைப் படியுங்கள். ஏஜென்ட் வாய்ச்சொல் போதாது. களப்பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் உண்டா, ஸ்பிளின்ட் அறை எங்கே என்று நேரில் கேளுங்கள். படிப்புக் காலம், நுழைவுத்தேர்வு விதிகளை இத்தகைய மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்காக 2021 சட்டப்படி அமைந்த தேசிய ஆணையத்தின் (என்.சி.ஏ.எச்.பி.) அறிவிப்பில் சரிபாருங்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளாவில் சேர்த்தாலும் இதே கேள்விகள்தான்.

தயவுசெய்து, அட்வான்ஸ் கட்டும் முன் ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டு, பிள்ளையை ஒருநாள் தெரபி அறையில் உட்கார வையுங்கள். எச்சில் வடியும் குழந்தைக்கு ஸ்பூன் பிடிக்கப் பழக்குவதைப் பார்த்து முகம் சுளித்தால், அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள். பீஸாவது மிஞ்சும்.