ஒரு அடி தப்பினால் மூன்று யார்டு

2014 நவம்பர் 15 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். விருந்தாளியாக வந்த நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி 17-3 என்று முன்னிலையில் இருந்தது. அதற்கப்புறம் விஸ்கான்சின் அணி இடைவிடாமல் 56 புள்ளிகள் குவித்தது. மெல்வின் கார்டன் என்ற ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கி ஓடும் வீரர், மட்டும் 25 தடவை பந்தை வாங்கி 408 யார்டு ஓடினார். அதுவும் ஆட்டத்தின் முக்கால் பாகத்துக்குள். கடைசிக் கால் பாகத்தில் அவரை இறக்கவே இல்லை. கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டில் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு தூரம் அதுவரை யாரும் ஓடியதில்லை. அணியாக விஸ்கான்சின் அன்று ஓடியது 581 யார்டு.

நெப்ராஸ்கா தடுப்பாட்டத்துக்குப் பேர்போன அணி. தடுப்பணியின் முதல்நிலை வீரர்களுக்குப் பயிற்சியில் கறுப்புச் சட்டை கொடுப்பது அங்கே 1960களிலிருந்து இருந்துவரும் வழக்கம். அந்தச் சட்டையைப் பெரிய கௌரவமாக நினைப்பார்கள். அப்போதைய பயிற்சியாளர் போ பெலினி தடுப்பாட்டத்திலேயே ஊறியவர். அப்படிப்பட்ட அணி, அதே விஸ்கான்சினிடம் 2012இல் பிக் டென் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு நடத்திய இறுதி ஆட்டத்திலும் 539 ஓட்ட யார்டுகளைக் கொடுத்து 70-31 என்று தோற்றிருந்தது. வலுவான, நன்றாகப் பழகிய பதினொரு பேர் இருந்தும் ஒரே மாதிரியான ஓட்டத்தை ஏன் நிறுத்த முடிவதில்லை? “ஆளுக்குத் தெம்பில்லை” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். என் பார்வையில், இப்படிச் சரியும் அணிகளைப் பெரும்பாலும் கவிழ்ப்பது அக்கம்பக்கத்தவருக்கு உதவப் போகும் அவசரம்தான். அது எப்படி என்று பார்க்க, கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் இயற்பியலும் வேண்டும்.

ஆட்டத்தின் அடிப்படை இவ்வளவுதான். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். நான்காவது வாய்ப்பில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடுவார்கள் என்பதால், நடைமுறையில் மூன்று வாய்ப்பில் 10 யார்டு. ஒவ்வொரு ஓட்டமும் மூன்றரை யார்டு தந்தால் தாக்கும் அணிக்குப் பந்தை எறிய வேண்டிய தேவையே வராது. எறியாமல் வென்றுகொண்டே போகலாம்.

தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பெரிய ஆட்கள் நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டாக்கிள். இவர்களுக்கு நடுவிலும் ஓரங்களிலும் உள்ள இடைவெளிகளைப் பயிற்சியாளர்கள் உள்ளிருந்து வெளியே ஏ, பி, சி என்று குறிப்பார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு. ஓரத்தில் டைட் எண்ட் எனப்படும் கூடுதல் ஆள் ஒருவர் வந்து நின்றால் ஏழு. ஒவ்வோர் இடைவெளிக்கும் தடுக்கும் அணியில் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஒன்று காலியானால் ஓடுகிறவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய வேலையே அதுதான்.

பதினொரு பேருக்குப் பதினொரு பேர்தானே என்று தோன்றும். ஆனால் தாக்கும் அணியில் ஓடுகிறவருக்கு வழி திறக்க எல்லோராலும் எதிராளிகளை மறிக்க முடியாது. பந்தை முதலில் வாங்கி அவரிடம் கைமாற்றிக் கொடுத்த குவார்ட்டர்பேக் யாரையும் மறிப்பதில்லை. பந்தோடு ஓடுகிறவரும் மறிக்க முடியாது. ஆக மறிக்கும் ஒன்பது பேருக்கு எதிரே தடுப்பணியில் பதினொரு பேர். கணக்குப்படி தடுப்பணிக்கு இரண்டு ஆள் மிச்சம். ஆனால் அந்த இருவரையும் நீண்ட எறிதலுக்குப் பயந்து பன்னிரண்டு பதினைந்து யார்டு பின்னால் நிறுத்திவிட்டால், அவர்கள் வந்து சேர்வதற்குள் ஓட்டம் நடந்து முடிந்துவிடும். அவர்களில் ஒருவரை முன்னே கொண்டுவந்தால் ஓட்டம் அடங்கும், பின்னால் வானம் திறந்துவிடும். தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் எதைக் கொடுத்து எதைக் காப்பது என்றுதான் முடிவெடுக்கிறார்.

இந்த இடைவெளிகள் நிலையாக நிற்பதும் இல்லை. இடப்பக்க கார்டு தன் இடத்தைவிட்டு வலப்பக்கம் ஓடிவந்து நின்றால், வலப்பக்கத்தில் ஒரு புது இடைவெளி பிறக்கிறது. இடப்பக்கத்தில் ஒன்று மறைகிறது. ரன்னிங் பேக்குக்கு முன்னால் ஓடி வழி திறக்கும் ஃபுல்பேக் எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம் இன்னொன்று. விஸ்கான்சின் காலங்காலமாக நம்பியது இந்த முறையைத்தான்: பெரிய முன்வரிசை, டைட் எண்டுகள், ஃபுல்பேக். பந்து கிளம்பிய முதல் நொடிக்குள், இடைவெளி எங்கே மாறியது என்று தடுப்பணி முழுவதும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த முதல் அரை நொடியைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஏறக்குறைய 136 கிலோ, அதாவது 300 பவுண்டு எடையுள்ள இருவர் கைநீட்டும் தூரத்தில் குனிந்து நிற்கிறார்கள். மோதுகிறார்கள். ஒருவருடைய தோள்பட்டை மற்றவருடையதைவிட ஒரு சாண் தாழ்வாக இருக்கிறது. அவருடைய கைகள் எதிராளியின் நெஞ்சுக்கவசத்துக்கு அடியில் நுழைகின்றன. இனி அவர் கொடுக்கும் விசை நேர்க்கிடையாகப் போகாது, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்து போகும். மேல்நோக்கிய அந்தப் பங்கு எதிராளியின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. தரையை அவருடைய கால் அழுத்தும் விசை குறைகிறது, கூடவே காலணி ஆணிகளின் பிடிப்பும் குறைகிறது. உயரமாக நிமிர்ந்துவிட்டவர் எவ்வளவு பலசாலியானாலும் தரையைத் தள்ள முடியாமல் பின்னால் வழுக்குவார். தள்ளுகிறவருக்கோ எதிர்விசை கீழ்நோக்கி வருவதால் பிடிப்பு கூடுகிறது. “தாழ்ந்தவன் ஜெயிப்பான்” என்று பயிற்சியாளர்கள் கத்துவதற்குப் பின்னால் இருப்பது நியூட்டனின் மூன்றாம் விதி.

இதே வேலையை இருவர் சேர்ந்து ஒருவரிடம் செய்வதை டபுள் டீம் என்பார்கள். இருவரும் இடுப்போடு இடுப்பு ஒட்டி நின்று அவரை ஒரு யார்டு பின்தள்ளுவார்கள். பிறகு ஒருவர் மட்டும் விலகி, தடுப்பணியின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கரைப் பிடிக்கப் போவார். இங்கே தடுப்பணியின் முன்வரிசைக்காரர் செய்யக்கூடிய மிகப் பெரிய சேவை, விழாமல் இருவரையும் ஒரு நொடி அதிகமாகத் தன்னிடம் நிறுத்திவைப்பது. புள்ளிவிவரத்தில் அவர் பெயர் வராது. மடக்கியவர் என்ற பெயர் பின்னால் நிற்கும் லைன்பேக்கருக்குப் போகும். இந்த ஆட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் ஆள் இவர்தான்.

இனி லைன்பேக்கரின் கண்கள். ஓடுகிறவரை அவர் பார்க்கக் கூடாது. எதிரே உள்ள கார்டைப் பார்க்க வேண்டும். கார்டு முன்னே பாய்ந்தால் ஓட்டம், பின்வாங்கி எழுந்தால் எறிதல், பக்கவாட்டில் கிளம்பினால் அவர் போகும் திசையில் ஆட்டம். ஓர் ஒளி எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய செயலுக்கே நமக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் கூடக்கூட அந்த நேரமும் கூடும் என்பதை 1952இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ஹிக் அளந்து காட்டினார். லைன்பேக்கருக்கு ஒரே நேரத்தில் நான்கைந்து சாத்தியங்களைக் காட்டுவதுதான் நல்ல தாக்குதல் திட்டம்.

2012 இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சின் அதைத்தான் செய்தது. பந்து கிளம்புவதற்குச் சற்று முன்பே ஒரு வீரர் பக்கவாட்டில் முழு வேகத்தில் ஓடுவார். சில சமயம் பந்து அவர் கைக்குப் போகும். சில சமயம் அவர் வெறுங்கையோடு ஓட, பந்து நடுவழியே போகும். இதை ஜெட் ஸ்வீப் என்பார்கள். முதல் தடவை பந்து உண்மையிலேயே ஓரமாகப் போய்ப் பெரிய ஓட்டமாகிவிட்டால், அடுத்த தடவை அந்த வீரர் கிளம்பியதுமே லைன்பேக்கரின் கால் தானாக ஓரத்துக்கு ஓர் அடி எடுத்துவைக்கும். அந்த ஓர் அடியைத் திரும்ப எடுக்க 0.4 நொடி என்று வையுங்கள். நொடிக்கு 7 மீட்டர் ஓடுகிறவர் அதற்குள் 2.8 மீட்டர் போய்விடுவார். அது மூன்று யார்டு. முன்னே சொன்ன மூன்றரையில் பெரும்பங்கு ஒரே காலடியில் போய்விட்டது.

கல்லூரி அணிகள் இன்னொரு வழியையும் பிரபலப்படுத்தின. தடுப்பணியின் ஓர ஆளை யாரும் தடுக்காமல் சும்மா விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் உள்ளே பாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். வெளியே நின்றால் ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிடுவார். ஸோன் ரீட் எனப்படும் இதை 1990களின் தொடக்கத்தில் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் ரிச் ராட்ரிகஸ் வளர்த்தெடுத்தார். கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள்: குவார்ட்டர்பேக்கும் ஓடக்கூடியவர் ஆகிவிட்டார், ஓர ஆளைத் தடுக்க ஆள் செலவாகவில்லை. தடுப்பணியின் இரண்டு ஆள் மிச்சம் அங்கேயே கரைந்துவிட்டது.

மைதானமும் கல்லூரித் தடுப்பணிக்குச் சாதகமாக இல்லை. அகலம் 160 அடி. ஒரு வாய்ப்பு ஓரத்தில் முடிந்தால் அடுத்த வாய்ப்பு உட்கோட்டிலிருந்து தொடங்கும். கல்லூரியில் அந்த இரு உட்கோடுகளுக்கும் நடுவே 40 அடி. தொழில்முறை ஆட்டத்தில் 18 அடி 6 அங்குலம்தான். அதனால் கல்லூரியில் ஒரு பக்கம் 100 அடி, அதாவது 30 மீட்டர் திறந்த வெளி கிடைக்கும். அவ்வளவு அகலத்தில் துரத்துகிறவரின் கோணம் உயிர்நாடி. ஓடுகிறவர் இருக்கும் இடத்தை நோக்கி ஓடினால் அவருக்குப் பின்னால்தான் போய்ச் சேருவீர்கள். நொடிக்கு 8 மீட்டர் போகிறவரை 8.5 மீட்டரில் இரண்டு மீட்டர் பின்னாலிருந்து துரத்தினால், எட்டிப் பிடிக்க நான்கு நொடி ஆகும். அதற்குள் அவர் 32 மீட்டர் போயிருப்பார். அவர் வரப்போகும் இடத்தைக் கணித்து ஓடினால் வேகம் குறைந்தவர்கூட மடக்கிவிடலாம்.

இப்போது சரிவு எப்படித் தொடங்குகிறது என்று பார்க்கலாம். பத்து ஓட்டங்களில் ஒன்பதை மூன்று யார்டில் நிறுத்தி, ஒன்றில் மட்டும் 60 யார்டு விட்டால் மொத்தம் 87, சராசரி 8.7. பத்தில் ஒன்பது தடவை வேலை சரியாக நடந்திருக்கிறது, ஆனால் பலகையில் நிற்பது 8.7தான். அந்த ஒன்றில் தன் பக்கத்து இடைவெளி திறந்ததைப் பார்த்த லைன்பேக்கர், அடுத்த வாய்ப்பில் தன்னுடையதையும் காத்துக்கொண்டு பக்கத்ததையும் எட்டிப் பார்க்கிறார். கபடியில் ஒருவர் அவசரப்பட்டுச் சங்கிலியை விட்டுப் பாய்ந்ததும் பாடி வந்தவர் அந்த வழியாகவே நழுவுவாரே, அதேதான். உதவப் போனவரின் இடம் காலி. அதைப் பார்த்துப் பின்னாலிருக்கும் சேஃப்டி என்ற கடைசிக் காவலர் முன்னே ஓடிவருகிறார். அவருடைய கோணம் கெடுகிறது. சரியாக நின்றால் மூன்று யார்டில் முடியும் ஓட்டம் முப்பதாகிறது. எல்லோரும் கூடுதலாக உழைக்கிறார்கள், ஓட்டமும் கூடிக்கொண்டே போகிறது. வீரர்களைச் சோம்பேறிகள் என்று திட்டும் ரசிகர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

களைப்பு இதை வேகப்படுத்தும். ஒரு வாய்ப்பு ஐந்தாறு நொடி நீளும். அந்த வெடிப்பு வேகத்துக்குத் தசையில் உள்ள பாஸ்போகிரியாட்டின்தான் முக்கிய எரிபொருள். சில நொடிகளில் கரையும் அது முழுதாக நிரம்பச் சில நிமிடங்கள் வேண்டும். வாய்ப்புகளுக்கு நடுவே கிடைப்பதோ அதிகபட்சம் 40 நொடி. பத்துப் பன்னிரண்டு வாய்ப்பு தொடர்ந்தால் 136 கிலோ ஆளின் தோள் முதலில் உயரத் தொடங்கும், முழங்கால் மடங்க மறுக்கும். அப்புறம் தாழ்ந்தவன் எதிராளி.

சரிசெய்வதற்குக் கல்லூரியில் நேரமும் குறைவு. ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி அனுமதி, வகுப்புகள் வேறு. பெலினி நெப்ராஸ்காவில் ஏழு பருவங்களிலும் ஒன்பது ஆட்டத்துக்குக் குறையாமல் ஜெயித்தவர். ஆனாலும் மேடிசன் தோல்விக்குப் பின் அதே மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். கார்டனின் 408 ஒரு வாரம்தான் நின்றது. அடுத்த சனிக்கிழமையே ஓக்லஹோமாவின் சமாஜே பெரைன் கான்சஸ் அணிக்கு எதிராக 427 யார்டு ஓடினார்.

இப்படி அடிவாங்கிய அணிகள் திங்கள், செவ்வாயில் பெரும்பாலும் மோதல் பயிற்சியைக் கூட்டுவதில்லை. எதிரணி முன்வரிசைக்குப் பதிலாகக் குப்பைத்தொட்டிகளை வரிசையாக வைத்து, பதினொரு பேரும் நடந்தே தங்கள் இடைவெளிக்குப் போய் நிற்கப் பழகுவார்கள். பயிற்சியாளர் ஒரு தொட்டியை வலப்பக்கம் நகர்த்துவார். எல்லோரும் ஓர் இடம் நகர வேண்டும். பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்கிறவரை மட்டும் மறுபடி நடக்கச் சொல்வார்.