அரசு வரைபடம் ஏஜென்ட் கைக்குப் போகும்போது

அரசு வரைபடத் தரவை விற்றுக்கொடுக்கும் வேலையை வெளி ஏஜென்டிடம் விடும்போது எங்கெங்கே பிசகும் என்று பார்ப்போம். பரமத்தி வேலூரை ஒட்டி 78 டிகிரி தீர்க்கரேகை போகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடுதான், ஆனால் கொங்குப் பகுதியின் வரைபடக் கோப்புகளைக் கையாளுகிறவர்களுக்கு அதனால் வரும் தலைவலி கொஞ்சநஞ்சமல்ல. உலகை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து எண் கொடுக்கும் யூடிஎம் முறையில் கோட்டுக்கு மேற்கே உள்ள கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்கள் 43-ஆம் மண்டலம். கிழக்கே உள்ள கரூர், நாமக்கல், சேலம் 44. கோப்போடு வர வேண்டிய மண்டலக் குறிப்பு வழியில் தொலைந்து, வாங்கியவர் குத்துமதிப்பாக 44 என்று போட்டால் கோவை வங்காள விரிகுடாவில் போய் விழும். நாமக்கல்லுக்கு 43 போட்டால் லட்சத்தீவில் அகத்தித் தீவுப் பக்கம் ஒதுங்கும்.

இது நல்ல தப்பு, பார்த்ததும் தெரிந்துவிடும். தெரியாமல் ஒளிந்துகொள்ளும் தப்பும் உண்டு. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமிக் கணக்கில் வரையப்பட்டது, புதிய பொதுத்தொடர் வரைபடம் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கில் இருக்கிறது. ஒன்றை மற்றொன்று என்று எண்ணிப் போட்டால் நம் பக்கத்தில் சுமார் 200 மீட்டர் தள்ளிப்போகும். சாலை இருக்கும், ஊர் இருக்கும், கிணறு மட்டும் பக்கத்துத் தோட்டத்தில் நிற்கும். இந்த ரகத் தப்பு டவருக்கு அஸ்திவாரம் தோண்டும்வரை வெளியே வராது.

நில அளவைத் துறையில் தயாராகும் தரவில் இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் இருக்கும். தொலைவது கைமாறும்போதுதான். அதனால்தான் டிஜிட்டல் வரைபடத் தரவை வாடிக்கையாளருக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை வெளியாருக்கு விடும்போது ஒப்பந்தத்தை வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டியிருக்கிறது. வெளியே விடுவதே தப்பு என்று சொல்லவில்லை. லேஅவுட் போடுகிறவர், காற்றாலைக் கம்பெனி, மில் இன்ஜினியர் என்று ஆளாளுக்கு ஒரு வடிவத்தில் கேட்பார்கள். அத்தனை பேருக்கும் கோப்பு வெட்டிக்கொடுத்துக்கொண்டிருக்க சர்வே அலுவலகத்தில் ஆள் கிடையாது. இ-சேவை மையத்தைப் பாருங்கள். விண்ணப்பம் பதிவது மையத்தில், சான்றிதழில் கையெழுத்து தாசில்தாருடையது. வரைபடத்துக்கும் அதே பிரிவினைதான் சரி: கவுண்டர் வெளியே இருக்கலாம், கையெழுத்து உள்ளேயே இருக்க வேண்டும்.

கையெழுத்து வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் இட்டேரியே போதும். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் 12 அடி வண்டித்தடம். சர்வே எண் வாரியாக நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தில் இரண்டு மெல்லிய கோடுகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும். ஏஜென்ட், ‘கோப்பு கனமாக இருக்கிறது, செல்போனில் திறக்கவில்லை’ என்று வாடிக்கையாளர் புகார் சொல்வதால், கோடுகளை எளிமையாக்கும் வசதியை 5 மீட்டர் அளவில் ஓட்டிவிடுவார். 12 அடி என்பது 4 மீட்டருக்கும் குறைவு. இட்டேரி ஊசியாக இளைத்துவிடும், இல்லாவிட்டால் மறைந்தேபோகும். அப்புறம் உள்ளே தள்ளித் தோட்டம் வைத்திருப்பவருக்குத் தடமே இல்லை என்று வரைபடம் சொல்லும். கடன் கேட்டுப் போனால் மதிப்பீட்டாளர் ‘அணுகுபாதை இல்லை’ என்று எழுதுவார். யாரும் பொய் சொல்லவில்லை. கோப்பின் எடையைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

பொழியை, அதாவது வயல் எல்லையை, ஒட்டிய இடைவெளிகளும் அப்படியே. தனித்தனியாக அளந்து வரைந்த புலப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓரங்கள் கச்சிதமாகப் பொருந்தாது. அங்கங்கே சந்து விழும், சில இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அழகாகத் தெரியட்டும் என்று ஏஜென்ட் அதை இழுத்து ஒட்டினால், பட்டாவில் 0.81.0 ஹெக்டேர் என்று இருக்கும் 2 ஏக்கர், கணினியில் வேறு கணக்கு காட்டும். எனவே ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி கட்டாயம் வேண்டும்: மூலக்கோப்பு மாறாமல் போக வேண்டும், எதையாவது திருத்தியோ சேர்த்தோ விற்றால் அதில் துறையின் பெயரும் முத்திரையும் இருக்கக் கூடாது. கூடவே ஒவ்வொரு கோப்புக்கும் கோப்பிலிருந்தே கணக்கிட்டு எடுக்கும் ஷா-256 கைரேகை எண்ணைத் துறை தன் தளத்திலேயே வெளியிட வேண்டும். 64 எழுத்துதான். ஒரு எழுத்து பிசகினாலும் கோப்பை யாரோ தொட்டிருக்கிறார்கள் அல்லது பாதியில் அறுந்து வந்திருக்கிறது.

ஊர்ப்பெயர் இன்னொரு வம்பு. வரைபடத் தரவு வழக்கமாக வரும் வடிவத்தை ஷேப்ஃபைல் என்று ஒருமையில் சொன்னாலும் அது பல கோப்புகளின் கட்டு. எஸ்ஹெச்பி, எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப் மூன்றும் கட்டாயம், பிஆர்ஜே இருந்தால்தான் இடம் தெரியும், சிபிஜி இருந்தால்தான் தமிழ் தெரியும். ஊர்ப்பெயர் உட்கார்ந்திருக்கும் டிபிஎஃப் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணும். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘பொங்கலூர்’ என்றால் 9 குறி, 27 பைட். ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து 20 பைட் இடம் ஒதுக்கியிருந்தால் ஊர் ‘பொங்கல’ என்று நின்று, பின்னால் ஒரு கட்டம் தொங்கும். ஜியோபேக்கேஜ் வடிவில் கேட்டால் எல்லாம் ஒரே கோப்பில் வரும், இந்தத் தொல்லை இல்லை.

உட்பிரிவு விஷயத்தில் தேதிதான் எல்லாம். அண்ணன் தம்பி பாகம் பிரித்து சர்வே எண் 152/2 என்பது 2ஏ, 2பி ஆன பிறகும் ஏஜென்டின் சர்வரில் பழைய 152/2 முழுசாக நிற்கும். திருத்தம் வந்து 7 நாளுக்குள் ஏஜென்ட் புதுப்பிக்க வேண்டும், கோப்பின் பெயரிலேயே தேதி இருக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். எதிர்ப்பக்கப் போக்குவரத்தையும் மறக்க வேண்டாம். பிழையை முதலில் பார்ப்பவர் வாடிக்கையாளர், அவர் சொல்வது ஏஜென்டிடம். அந்தப் புகார் சர்வேயர் மேசைக்கு எத்தனை நாளில், எந்த எண்ணோடு போகும் என்பது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அது கவுண்டரிலேயே செத்துப்போகும்.

விலைக்கு அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களே பாடம். 1984-இல் சட்டம் போட்டு, 1985-இல் விற்பனையை ஈயோசாட் என்ற ஒரே கம்பெனியிடம் கொடுத்தார்கள். ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. பல்கலைக்கழகங்கள் வாங்குவதைக் குறைத்தன. 1992-இல் வேறு சட்டம் போட்டுத் திரும்ப எடுத்தார்கள், 2008-இல் இலவசமாகவே திறந்துவிட்டார்கள். ஒரே ஏஜென்டுக்குத் தனியுரிமை வேண்டாம், குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும். ரசீதில் அரசுக் கட்டணம் ஒரு வரி, சேவைக் கட்டணம் ஒரு வரி. வாடிக்கையாளர் பட்டியல் துறையின் சொத்து, ஒப்பந்தம் முடிந்தால் 30 நாளில் திரும்ப வர வேண்டும்.

ஏஜென்ட் யார் என்பதிலும் கவனம் தேவை. 2021 பிப்ரவரி 15-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, கிடைமட்டத்தில் 1 மீட்டர், செங்குத்தில் 3 மீட்டரைவிட நுணுக்கமான தரவை இந்திய நிறுவனங்கள்தான் உருவாக்கி வைத்துக்கொள்ளலாம், அதுவும் இந்தியாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும். ஏஜென்டின் கிளவுட் எந்த நாட்டில் இருக்கிறது என்று டெண்டரிலேயே கேளுங்கள்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு இடங்களில், வாய்க்கால் பாலமோ ரயில்வே கேட்டோ, நின்று செல்போனில் அட்ச தீர்க்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தள்ளி இருக்கட்டும். கோப்பைத் திறந்து அந்தப் புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். 5, 10 மீட்டர் விலகினால் அது செல்போனின் குறை. இரண்டு புள்ளியும் ஒரே திசையில் 200 மீட்டர் நகர்ந்திருந்தால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏஜென்டைக் கூப்பிடுங்கள்.